பூவிலேயே பேசும் விலை

22 வயதுப் பையனுக்கு ஐந்து ஆண்டுக்கு 22 கோடி டாலராமே! இந்தத் தொகையை யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்?
— திருநெல்வேலி

யாரும் முடிவு செய்வதில்லை. கணக்கு தானாக வந்து நிற்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஒவ்வொரு சீசனுக்கும், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. லீகின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று கிளப் உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறப்பதுதான் வரம்பு. 2025-26க்கு அது 15.46 கோடி டாலர். ஆறு ஆண்டு அனுபவம் வரை உள்ளவருக்கு அதிகபட்சம் அதில் 25 சதவீதம், அதாவது 3.87 கோடி. அதற்குமேல் ஆண்டுதோறும், முதல் ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம் உயர்வு. ஐந்தாண்டையும் கூட்டுங்கள்: 22.4 கோடி. 2021 டிராஃப்டில், அதாவது புதியவர்களைக் கிளப்கள் வரிசையாக அழைக்கும் தேர்வில், வந்த கேட் கன்னிங்ஹாம், இவான் மோப்லி, ஸ்காட்டி பார்ன்ஸ், ஃபிரான்ஸ் வாக்னர் நால்வரும் 2024 கோடையில் கையெழுத்திட்டது இந்தக் கணக்குக்குத்தான்.

டாலரைப் பார்த்து மலைக்க வேண்டாம், சதவீதத்தைப் பாருங்கள். 2015-16இல் உச்சவரம்பு 7 கோடி. பத்தே ஆண்டில் அது இருமடங்கைத் தாண்டிவிட்டது. டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூன்றும் சேர்ந்து ஒளிபரப்பு உரிமைக்காக 11 ஆண்டுக்கு 7,600 கோடி டாலர் தருகின்றன. அந்தப் பணம் 2025-26 முதல் வரத் தொடங்கியிருக்கிறது.

எல்லாமே சூத்திரம் என்றால் பேரம் எங்கே நடக்கிறது?
— ஈரோடு

நடுவில். உச்சியில் இருப்பவனுக்கு முழுத் தொகை, அடியில் இருப்பவனுக்குக் குறைந்தபட்சத் தொகை. இரண்டிலும் பேச எதுவுமில்லை. அணியின் மூன்றாவது, நான்காவது ஆட்டக்காரனுக்கு என்ன விலை என்பதில்தான் பொது மேலாளர்களுக்குத் தூக்கம் கெடுகிறது.

இந்தப் பையன்களுக்குப் பேராசை இல்லையா? மூன்று வருஷம் ஆடிவிட்டு இவ்வளவு கேட்கலாமா?
— கும்பகோணம்

கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

அவன் நிலையை யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வயதில் டிராஃப்டுக்கு வருகிறான். எந்த ஊர், எந்த அணி என்பது அவன் கையில் இல்லை. முதல் சுற்றில் எத்தனையாவதாக அழைக்கப்பட்டான் என்பதை வைத்து நான்கு ஆண்டுச் சம்பளமும் அட்டவணைப்படி வந்துவிடுகிறது. மூன்றாவது, நான்காவது ஆண்டு வேண்டுமா என்பதைக்கூடக் கிளப்தான் தீர்மானிக்கிறது, அவன் அல்ல. நான்காண்டு முடிந்தும் முழு விடுதலை கிடையாது: வேறு கிளப் எந்தத் தொகை எழுதிக் கொடுத்தாலும், பழைய கிளப் அதே தொகையைக் கொடுத்து அவனை நிறுத்திக்கொள்ளலாம். மூன்று ஆண்டு ஆடி முடித்த கோடையில் தொடங்கி, அக்டோபரில் அடுத்த சீசன் ஆரம்பிப்பதற்கு முதல் நாள் வரை, ஒப்பந்தத்தை நீட்டிக்க ஒரு ஜன்னல் திறக்கிறது. தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல அவன் வாழ்க்கையில் கிடைக்கும் முதல் வாய்ப்பு அதுதான்.

உடம்பு என்னாகும் என்று யாருக்கும் தெரியாது. போர்ட்லாந்தின் பிராண்டன் ராய் 2009இல் ஐந்து ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டார். முழங்கால்கள் கைவிட, 2011 டிசம்பரில் 27 வயதில் ஓய்வு அறிவித்தார். அதே டிசம்பரில் சிகாகோவின் டெரிக் ரோஸ் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 9.4 கோடிக்குக் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். நான்கே மாதத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதற்குப் பின் அந்தப் பழைய ரோஸ் திரும்பவில்லை. இவர்கள் கையெழுத்தைத் தள்ளிப்போட்டிருந்தால்? பேராசை என்று சொல்பவர்கள் இந்த இரண்டு முழங்கால்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்த 25 சதவீதக் கட்டுப்பாடு எப்போது வந்தது?
— வேலூர்

ஒரு 21 வயது இளைஞரால் வந்தது. மினசோட்டாவின் கெவின் கார்னெட்டுக்கு 1997இல் கிளப் ஆறு ஆண்டுக்கு 10 கோடிக்கு மேல் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றார். கடைசியில் 12.6 கோடி. உரிமையாளர் க்ளென் டெய்லர் மொத்த அணியையும் வாங்கிய விலை அதைவிடக் குறைவு. மற்ற உரிமையாளர்கள் பதறினார்கள். 1998இல் கதவடைப்பு, 82 ஆட்டம் ஆட வேண்டிய சீசன் 50 ஆட்டமாகச் சுருங்கியது. முடிவில் பிறந்ததுதான் தனிநபர் சம்பளத்துக்கான அதிகபட்ச வரம்பு.

கார்னெட் கேட்டது தவறே இல்லை. 2004இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்; மினசோட்டா என்ற மாநிலத்தைக் கூடைப்பந்து வரைபடத்தில் வைத்தவர் அவர். ஆனால் அவர் வாங்கிய ஒப்பந்தத்துக்குப் பின்னால் வந்த தலைமுறைகள் முழுவதும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இன்று உச்சியில் இருக்கும் ஐந்தாறு பேருக்கு உண்மையான சந்தை விலை கிடைப்பதே இல்லை.

ஸ்டீஃபன் கறிக்கு 2012இல் நான்கு ஆண்டுக்கு 4.4 கோடிதான் கொடுத்தார்களாமே. ஏமாற்றிவிட்டார்களா?
— கோயம்புத்தூர்

இல்லை. அன்றைய கறியின் கணுக்கால்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முந்தைய சீசனில் அவர் ஆடியது 26 ஆட்டம்தான். அறுவை சிகிச்சை வேறு. கோல்டன் ஸ்டேட்டும் பயந்தது, கறியும் பயந்தார். இரண்டு பயங்களுக்கும் நடுவே விழுந்த எண் 4.4 கோடி.

அதன்பின் நடந்ததுதான் வரலாறு. அந்த ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே 2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2016இல் தொலைக்காட்சிப் பணம் வந்து உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்கு ஒரே தாவாகத் தாவியது. லீகின் முதல் நட்சத்திரம் அப்போது வாங்கிய சம்பளம் 1.2 கோடி. அதனால் கிடைத்த இடத்தில்தான் கெவின் டுரான்ட் வந்து உட்கார்ந்தார். 2017இல் கறிக்கு ஐந்து ஆண்டுக்கு 20.1 கோடி எழுதினார்கள். கடன் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; தாமதமாகவாவது நியாயம் கிடைத்தது.

ஹார்டனை விட்டது ஓக்லஹோமா சிட்டியின் முட்டாள்தனம்தானே?
— சேலம்

முட்டாள்தனம் என்பது பெரிய வார்த்தை. பெரிய நஷ்டம் என்பது சரி.

2012 அக்டோபர். அப்போது அந்த அணியில் இருந்த டுரான்ட்டுக்கும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கும் பெரிய ஒப்பந்தங்கள் ஏற்கெனவே எழுதியாகிவிட்டன. மூன்றாமவரான ஜேம்ஸ் ஹார்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி என்றது கிளப். அதிகபட்சத் தொகைக்கும் அதற்கும் இடைவெளி அரைக்கோடி டாலர் அளவுதான். ஹார்டன் மறுத்தார், சில நாளிலேயே ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். ஹூஸ்டன் ஐந்து ஆண்டுக்கு 8 கோடி கொடுத்தது. 2018இல் அவர் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஓக்லஹோமா சிட்டி அந்த மூவரை வைத்து ஒரு கோப்பைகூட வெல்லவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். அன்றும் இன்றும் அந்தக் கிளப்பின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டியே. 2025 ஜூனில் கோப்பை வென்றார். அடுத்த மாதமே ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கும் முழுத் தொகையில் நீட்டிப்பு எழுதினார். மூன்றாமவரிடம் இந்த முறை அரைக்கோடிப் பேரம் இல்லை.

ஜேலன் பிரவுனுக்கு 2019இல் பாஸ்டன் 11.5 கோடி வரை கொடுத்தபோது எல்லோரும் அதிகம் என்றார்களே?
— நாகர்கோவில்

2024 இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவர். 22 வயதில் விலை பேசும்போது 27 வயதின் ஆட்டத்தைத்தான் வாங்குகிறோம்.

அந்த 27 வயது ஆட்டத்தை 22லேயே எப்படிக் கண்டுபிடிப்பது? அளவுகோல் ஏதாவது உண்டா?
— மதுரை

மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசும் வியாபாரிக்கு உள்ள கஷ்டம்தான் இது. பூ கொட்டலாம், காற்று அடிக்கலாம். ஆனால் காய்க்கும்வரை காத்திருந்தால் தோப்பு வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

நேர்ந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2017 அக்டோபர். இரண்டு இளைஞர்கள், இருவரும் 2014 டிராஃப்ட். இருவருக்கும் ஐந்து ஆண்டு, சுமார் 14.8 கோடி. ஒருவர் மினசோட்டாவின் ஆண்ட்ரூ விக்கின்ஸ். மூன்று ஆண்டில் ஒரே ஒரு ஆட்டம்தான் தவறவிட்டார். கடைசி சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளிக்கு மேல். மற்றவர் பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட். காயங்கள் காரணமாக மூன்று ஆண்டில் அவர் ஆடியது மொத்தம் 31 ஆட்டம்.

எண்களை மட்டும் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு விக்கின்ஸைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் எம்பீட் களத்தில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், எதிரணி கூடைக்கு அருகே வரவே யோசித்தது. அவர் உட்கார்ந்ததும் அதே அணி நொறுங்கியது. விக்கின்ஸ் 23 புள்ளி எடுத்தார். ஆனால் ரீபவுண்டிலும் பாஸிலும் தற்காப்பிலும் அந்த உயரமும் தாவும் சக்தியும் தர வேண்டியது வரவில்லை. கையெழுத்துக்கு முன் உரிமையாளர் டெய்லர், இன்னும் மேம்படுவேன் என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். கேட்க நேர்ந்ததிலேயே அவருடைய சந்தேகம் தெரிந்துவிட்டது. வாக்குறுதி வாங்கி ஒப்பந்தம் எழுதும் இடத்தில் தொகை கூடிவிட்டது என்று பொருள்.

பிலடெல்பியாவும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. பழைய காயம் திரும்பி வந்து அவர் நீண்ட காலம் ஆட முடியாமல் போனால், கிளப் குறைந்த நஷ்டத்தில் விலகலாம் என்ற நிபந்தனைகள் அந்த ஒப்பந்தத்தில் இருந்தன. திறமைக்கு முழு விலை, உடம்புக்குத் தனிக் காப்பு. 2023இல் எம்பீட் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார்.

விக்கின்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2020இல் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். 2022இல் அந்த அணி கோப்பை வென்றபோது பாஸ்டனின் ஜேசன் டேட்டமை மடக்கியவர் அவர்தான். நல்ல ஆட்டக்காரர். முதல் ஆள் அல்ல, இரண்டாவது மூன்றாவது ஆள். மினசோட்டா முதல் ஆளின் விலையைக் கொடுத்தது. என் அளவுகோல் இதுதான்: புள்ளிகளை ஓரமாக வையுங்கள், கையில் பந்து இல்லாதபோது அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். புள்ளி எடுக்க லீகில் ஆள் கிடைக்கும்.

ஹூஸ்டன் ஜேலன் கிரீனுக்கு மூன்று ஆண்டு மட்டும் கொடுத்தது ஏன்?
— திருப்பூர்

இரு பக்கமும் முடிவைத் தள்ளிவைத்தார்கள். 2024 அக்டோபரில், அல்பெரன் ஷெங்கூனுக்கு ஐந்து ஆண்டுக்கு 18.5 கோடி, கிரீனுக்கு மூன்று ஆண்டுக்குச் சுமார் 10.6 கோடி, அதுவும் மூன்றாம் ஆண்டு அவர் விருப்பம். முதல் ஒப்பந்தம், இவன் எங்கள் ஆள் என்றது. இரண்டாவது, பார்ப்போம் என்றது. 2025 கோடையில் டுரான்ட்டை வாங்க ஃபீனிக்ஸுக்கு அனுப்பப்பட்டவர்களில் கிரீனும் ஒருவர். உச்சவரம்பைத் தாண்டிய கிளப், பெரிய சம்பளக்காரரை வாங்க வேண்டுமானால் ஈடாகக் கணிசமான சம்பளம் உள்ளவரை அனுப்ப வேண்டும் என்பது விதி. குறுகிய ஒப்பந்தம் இருந்ததால் வாங்குகிறவரும் தயங்கவில்லை.

மேக்ஸிக்கு 2023இல் பிலடெல்பியா நீட்டிப்புத் தரவில்லை. அவமானம் இல்லையா?
— தூத்துக்குடி

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒப்பந்தம் எழுதாமல் விட்டால், அடுத்த கோடையில் கணக்குப் புத்தகத்தில் டைரீஸ் மேக்ஸியின் பெயருக்கு எதிரே சிறிய தொகைதான் நிற்கும்; அந்த இடைவெளியில் வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தை வாங்கிவிட்டு, அதன்பிறகு மேக்ஸிக்கு முழுத் தொகை எழுதலாம். 2024 ஜூலையில் அப்படியே நடந்தது. பால் ஜார்ஜ் வந்தார். மேக்ஸிக்கு ஐந்து ஆண்டுக்குச் சுமார் 20.4 கோடி. சான் அன்டோனியோ 2015இல் கவாய் லெனர்டைக் காத்திருக்க வைத்து லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை வாங்கியதும் இதே வழியில்தான்.

ஆனால் அந்த ஒரு வருஷம் முழுக்க ஆபத்தைச் சுமந்தது யார்? 23 வயதுப் பையன். ஜனவரியில் அவன் முழங்கால் போயிருந்தால், நல்லெண்ணத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இந்த வழியைப் புத்திசாலித்தனம் என்று எழுதுகிறவர்கள், பாதிப் புத்திசாலித்தனம் அந்தப் பையனின் துணிச்சலில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

நீட்டிப்பை மறுத்து, தன்னை நம்பி ஆடலாமா?
— புதுச்சேரி

ஜிம்மி பட்லர் ஆடினார். 2014இல் சிகாகோ சொன்ன தொகையை மறுத்து, அந்த சீசனிலேயே அதிக முன்னேற்றம் கண்டவருக்கான விருதை வாங்கி, 2015இல் ஐந்து ஆண்டுக்கு 9 கோடிக்கு மேல் பெற்றார்.

நெர்லன்ஸ் நோயலும் ஆடினார். 2017இல் டாலஸ் நான்கு ஆண்டுக்கு 7 கோடி தர முன்வந்ததாகச் செய்தி வந்தது. அவர் எடுத்துக்கொண்டது ஓராண்டுக்கு 41 லட்சம். கட்டைவிரல் காயம், பெஞ்சில் உட்காரவைப்பு, சீசன் போயிற்று. அந்த 7 கோடி மறுபடி வரவில்லை.

பட்லரின் கதையை எல்லா ஏஜென்ட்டும் சொல்வார்கள். நோயலின் கதையையும் கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் பற்றி யோசிப்பது நல்லது. 2025 கோடையும் அதையே காட்டியது: செலவழிக்க இடமுள்ள கிளப்கள் அரிதாக இருந்ததால், கோல்டன் ஸ்டேட்டுடன் ஜோனதன் குமிங்காவின் இழுபறி செப்டம்பர் இறுதிவரை நீண்டது; புரூக்ளினின் கேம் தாமஸ் ஓராண்டுக்குச் சுமார் 60 லட்சத்தோடு நின்றார்.

பத்திரிகையாளர் ஓட்டு ஆட்டக்காரர் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது என்பது உண்மையா?
— சென்னை

உண்மை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் ஆறாத விஷயமும் இதுதான். மிகச் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், லீகின் சிறந்த பதினைந்து பேர் பட்டியல்: இவற்றில் இடம்பெறும் இளைஞருக்கு, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், 25 சதவீதம் 30 ஆகும். முதல் பதிலில் சொன்ன நால்வரில் மோப்லி 2025இல் தற்காப்பு விருது வாங்கினார். கன்னிங்ஹாம் பதினைந்து பேரில் ஒருவரானார். இருவரின் 22.4 கோடியும் 26.9 கோடி ஆனது. நாலரைக் கோடி வித்தியாசம், ஓட்டுப் பெட்டியிலிருந்து. 2021இல் பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அந்தப் பட்டியலில் வராததால் அவர் இழந்தது 3 கோடிக்கு மேல்.

ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் கையில் ஆட்டக்காரரின் சம்பளம் இருக்கக் கூடாது. எழுதுகிறவருக்கும் அது கௌரவம் இல்லை. கிளப்புக்கும் இதில் நிம்மதி கிடையாது. மோப்லியின் சம்பளம் கூடியபோது, ஏற்கெனவே கனத்திருந்த கிளீவ்லாந்தின் பட்டியல் இரண்டாம் ஏப்ரன் என்னும் கடுமையான வரம்புக்கும் மேலே போனது. அதைத் தாண்டிய அணி, இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய ஆளை வாங்கக்கூட முடியாது.

பிரன்சன் கோடிக்கணக்கில் விட்டுக்கொடுத்தாரே. மற்றவர்களும் அப்படிச் செய்தால் என்ன?
— காரைக்குடி

ஜேலன் பிரன்சன் 2024இல் நியூயார்க்கில் நான்கு ஆண்டுக்கு 15.65 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு 26.9 கோடி கேட்டிருக்கலாம். அணிக்கு இடம் கிடைத்தது. மனசார வணங்குகிறேன்.

ஆனால் அதை மற்றவரிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. அதே பிரன்சன் டாலஸில் இருந்தபோது, இரண்டாம் சுற்றில் வந்தவர் என்பதால் நான்கு ஆண்டுக்கு 5.5 கோடி அளவில் முடித்திருக்கலாம். கிளப் தாமதித்தது. 2022இல் நியூயார்க் 10.4 கோடி கொடுத்து அழைத்துக்கொண்டது. டாலஸுக்குப் பதிலுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. கிளப்கள் விட்டுக்கொடுத்துப் பழகட்டும் முதலில்.

எங்கள் ராப்டர்ஸ் ஸ்காட்டி பார்ன்ஸுக்கு அவ்வளவு கொடுத்தது சரியா? இங்கே வேலை இடத்தில் தினமும் சண்டை.
— ஸ்கார்பரோ, டொராண்டோ

சரி. 2019இல் கோப்பை வாங்கித் தந்த சில வாரங்களிலேயே கவாய் லெனர்ட் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதை உங்கள் ஊர் பார்த்திருக்கிறது. பெரிய நட்சத்திரம் தானாக விரும்பி டொராண்டோவுக்குச் சம்பளம் பேச வருவது அரிது; அங்கே தங்குவது டிராஃப்டில் வந்து வளர்ந்தவர்கள்தான். சியாகம் 27ஆவது அழைப்பு, அனுனோபி 23ஆவது. இருவருக்கும் முதல் நீட்டிப்பைக் கொடுத்தது உங்கள் கிளப். பார்ன்ஸ் தூரத்திலிருந்து எறிவதில் இன்னும் தேற வேண்டும், உண்மை. ஆனால் ஐந்து இடங்களில் எந்த இடத்து ஆளையும் காக்கக் கூடியவர், பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கக் கூடியவர்; கையெழுத்திட்டபோது வயது 22. எறிதலைக் கற்றுக்கொடுக்க முடியும். 25 சதவீதம்தானே, 30 இல்லையே என்று நாளை சண்டையில் சொல்லிப் பாருங்கள்.